வடிவம் தெரிகிறது; வேலை தெரிகிறதா?

பாக்டீரியாக்களின் ஆர்.என்.ஏ. வடிவங்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் - ஒரு மதிப்பீடு

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் பின்புறமாக மலைக்கு ஏறும் பாதையில் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் பாருங்கள். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பதை நாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவை ஒவ்வொன்றினுள்ளும் ஆர்.என்.ஏ. என்னும் நூலிழை போன்ற மூலக்கூறுகள் உண்டு. இவற்றுள் சில, தம்மைத் தாமே மடித்துக்கொண்டு குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் நிற்கின்றன. பரிணாமப் பாதையில் வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துபோன பல பாக்டீரிய இனங்களிலும் அதே வடிவம் சற்றும் கலையாமல் காணப்படுகிறது. அந்த வடிவம் எதற்காக இருக்கிறது என்று கேட்டால், பலவற்றுக்கு இன்றும் ஆராய்ச்சியாளர்கள் தரும் விடை 'தெரியாது' என்பதே.

இந்தத் 'தெரியாது' என்ற சொல்லைப் பற்றித்தான் இக்கட்டுரை. இதை எழுதக் காரணமானவர் ஒரு மாணவர்.

ரமண நகரில் என் வீட்டுத் திண்ணைக்கு அண்மையில் அவர் வந்தார். உயிர்வேதியியலில் முதுகலை படிப்பவர். கையில் புராஜெக்ட் அறிக்கை. மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியா ஒன்றின் மரபுத் தொகுதியைக் கணிப்பொறியில் அலசி, அதில் அறியப்பட்ட ஓர் ஆர்.என்.ஏ. வடிவம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். 'இந்த வடிவம் இரும்பை உணர்ந்து ஜீனை இயக்குகிறது' என்று ஒரு வரி எழுதி, அதற்கு ஆதாரமாக 2020ஆம் ஆண்டின் ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தார்.

"தம்பி, இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டுவிட்டதே, தெரியாதா?" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் நான் எழுதியது பொய்யா சார்?"

"பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது" என்றேன். அந்தப் பதில் அவருக்கும் திருப்தியில்லை, எனக்கும் திருப்தியில்லை. ஒரு வடிவம் இருக்கிறது என்பதை எப்படி அறிகிறார்கள், அதன் வேலை இன்னது என்று எப்போது சொல்லலாம், இத்துறையின் ஆராய்ச்சிகள் அந்த எல்லையை ஒழுங்காகக் காத்திருக்கின்றனவா என்று விரிவாகவே பார்த்துவிட எண்ணினேன்.

தூதுவன் மட்டுமல்ல

டி.என்.ஏ.யில் உள்ள செய்தியைப் படியெடுத்து, புரதம் தயாரிக்கும் இடத்துக்குக் கொண்டு செல்லும் தூதுவன் ஆர்.என்.ஏ. என்று பள்ளியில் கற்கிறோம். இது உண்மையே, ஆனால் முழு உண்மையல்ல. 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரோனால்ட் பிரேக்கர் குழுவினரும், நியூயார்க்கில் எவ்ஜெனி நட்லர் குழுவினரும் ஒரு புதுமையை மெய்ப்பித்தனர். சில தூது ஆர்.என்.ஏ.க்களின் முன்பகுதி மடிந்து ஒரு பை போல அமைகிறது. வைட்டமின் பி1 போன்ற ஒரு சிறு மூலக்கூறு அந்தப் பையில் வந்து ஒட்டிக்கொண்டதும், பின்னால் உள்ள ஜீனின் வேலை நின்றுவிடுகிறது. இடையில் எந்தப் புரதத்தின் உதவியும் தேவையில்லை.

மாடித் தண்ணீர்த் தொட்டியில் உள்ள மிதவையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்பினால் மிதவை உயர்ந்து குழாயை அடைத்துவிடும். தண்ணீர் குறைந்தால் தாழ்ந்து திறந்துவிடும். அளப்பதும் அடைப்பதும் ஒரே பொருள்தான். வைட்டமின் போதுமான அளவு இருக்கும்போது அதைத் தயாரிக்கும் ஜீனை நிறுத்திவிடும் இந்த ஆர்.என்.ஏ. மிதவைக்கு 'ரைபோசுவிட்ச்' என்று பெயரிட்டனர்.

இந்த வெற்றிக்குப் பின் எல்லோருக்கும் எழுந்த கேள்வி: இன்னும் எத்தனை மிதவைகள் ஒளிந்துள்ளன?

பித்தானும் காஜாவும்

ஒளிந்திருப்பவற்றைத் தேட ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆர்.என்.ஏ.யின் எழுத்துகள் நான்கு: அடினைன், யுராசில், குவானைன், சைட்டோசின். அடினைன் யுராசிலோடும், குவானைன் சைட்டோசினோடும் ஜோடி சேரும். ஒரே இழையின் இரு பகுதிகள் இவ்வாறு எதிரெதிரே ஜோடி சேர்வதால்தான் மடிப்பு உண்டாகிறது.

இப்போது நூறு பாக்டீரிய இனங்களில் ஒரே ஆர்.என்.ஏ.யை எடுத்து வரிசையாக அடுக்குவோம். ஓர் இனத்தில் 10ஆவது இடத்தில் அடினைனும் 40ஆவது இடத்தில் யுராசிலும் உள்ளன. இன்னோர் இனத்தில் 10இல் குவானைன் வந்துவிட்டது. அங்கே 40இலும் தவறாமல் சைட்டோசின் வந்திருக்கிறது. மூன்றாவது இனத்தில் 10இல் சைட்டோசின், 40இல் குவானைன். எழுத்துகள் மாறினாலும் ஜோடி மாறவில்லை. அப்படியானால் அந்த இரு இடங்களும் உயிரணுவில் உண்மையாகவே ஜோடி சேர்கின்றன. அந்த ஜோடி கெட்டுவிடாமல் இயற்கைத் தேர்வு காத்து வந்திருக்கிறது என்று நாம் முடிவு செய்யலாம்.

தையற்காரர் பெரிய பித்தான் வைத்தால் காஜாவையும் பெரிதாக வெட்டுவார். சிறிய பித்தானுக்குச் சிறிய காஜா. நூறு சட்டைகளைப் பார்த்து இரண்டும் சேர்ந்தே மாறுவதைக் கண்டால், இந்தப் பித்தான் இந்தக் காஜாவில் நுழைவதற்கே ஏற்பட்டது என்று, சட்டையை யாரும் மாட்டிப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

இம்முறையின் வலிமைக்கு ஒரு சான்று உண்டு. ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.க்களின் மடிப்புகளை அமெரிக்காவில் கார்ல் ஊஸ், ஹாரி நோலர் ஆகியோரின் குழுக்கள் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வாறு ஒப்பிட்டே வரைந்தன. 2000ஆம் ஆண்டில் ரைபோசோமின் அணு வடிவங்கள் வெளிவந்தன. அதன் சிறிய பகுதியின் வடிவத்தைத் தந்தவர்களுள் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழுவும் ஒன்று. 2009இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒப்பீட்டால் ஊகித்த ஜோடிகளில் ஏறத்தாழ 97 விழுக்காடு உண்மையான வடிவத்திலும் இருந்தன. காகிதத்தில் செய்த ஊகத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பித்தானையும் காஜாவையும் பார்த்து அது சட்டை என்று சொல்லலாமேயன்றி, அதை அணிபவர் பள்ளி மாணவரா, காவலரா என்று சொல்லிவிட முடியாது. வடிவம் உண்டு என்பதற்கான சான்று ஒன்று. வேலை இன்னது என்பதற்கான சான்று வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் தவறுகள் பிறக்கின்றன.

மூன்று பட்டியல்கள்

யேலில் பிரேக்கருடன் சேர்ந்து ஸாஷா வைன்பெர்கும் பிறரும் வெளியிட்ட பட்டியல்கள் இத்துறையின் அடிப்படை நூல்கள் எனலாம். 2007இல் 22 வடிவங்கள், 2010இல் 104, 2017இல் 224. ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியாத நுண்ணுயிர்களின் மரபுப் பொருளை ஏரி, கடல், மண் ஆகியவற்றிலிருந்து நேரடியாகப் படித்துச் சேர்த்த தொகுப்புகளையும் இவற்றுக்காக அலசினார்கள்.

இந்தப் பட்டியல்களின் சிறப்பு, அவற்றின் நேர்மை. தலைப்பிலேயே 'தகுதியுள்ள வேட்பாளர்கள்' என்ற பொருளில்தான் வடிவங்களைக் குறிக்கிறார்கள். வேலை தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுகிறார்கள். எந்த எழுத்துகள் மாறாதவை, எந்த ஜோடிகளுக்குச் சான்று வலுவானது என்று படம் போட்டுக் காட்டி, யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார்கள்.

குறை, பெயர் வைத்த முறையில் இருக்கிறது. புதிய வடிவத்துக்குப் பெரும்பாலும் அதன் அடுத்துள்ள ஜீனின் பெயரையே வைத்துவிடுகிறார்கள். 'டீக்கடைக்குப் பக்கத்து வீடு' என்று நாம் அடையாளம் சொல்வதில்லையா, அதைப் போல. வழி கண்டுபிடிக்க இது உதவும். ஆனால் நாளடைவில் அந்த வீட்டிலும் டீ விற்கிறார்கள் என்று கேட்பவர் நினைக்கத் தொடங்கிவிடுவார். டீக்கடையின் பெயர்ப் பலகையே தவறாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கற்பூர ஜீனின் கதை

பலகை தவறாக இருந்த ஒரு கதை நம் ஊருக்குப் பொருத்தமானது. 1996இல் எஷரிஷியா கோலி என்ற குடற் பாக்டீரியாவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மூன்று ஜீன்களின் பொருளை அளவுக்கு மேல் உற்பத்தி செய்யச் செய்தால், அந்தப் பாக்டீரியா கற்பூரத்தைத் தாங்கி வளர்ந்தது. கார்த்திகை தீபத்தன்று கற்பூரப் புகை சூழ்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஜீன்கள் மேல் ஓர் உறவு தோன்றுவது இயல்பு! அவற்றுள் ஒன்றுக்குக் கற்பூரத்தைத் தாங்குவது என்ற பொருளில் 'சி.ஆர்.சி.பி.' என்று பெயர் நிலைத்தது.

2010ஆம் ஆண்டுப் பட்டியலில், பல பாக்டீரியாக்களில் இந்த ஜீனுக்கு முன்னால் மாறாத ஓர் ஆர்.என்.ஏ. வடிவம் இருப்பது காட்டப்பட்டு, அதற்கும் சி.ஆர்.சி.பி. என்றே பெயர் வந்தது. பெயரை நம்பியிருந்தால் கற்பூரத்தைத் தேடி அலைந்திருப்பார்கள். வேறொரு சேர்மத்தைச் சோதிக்கும்போது அதில் அசுத்தமாகக் கலந்திருந்த ஃபுளோரைடுதான் ஆர்.என்.ஏ.யை மடியச் செய்கிறது என்பது எதிர்பாராமல் தெரிய வந்தது. 2012இல் பிரேக்கர் குழுவினர் இதை வெளியிட்டனர். ஜீனை நீக்கினால் பாக்டீரியா ஃபுளோரைடைத் தாங்க முடியாமல் தவிக்கிறது என்பதையும் காட்டினர். அந்த ஜீன் செய்யும் புரதம், ஃபுளோரைடை உயிரணுவிலிருந்து வெளியேற்றும் வாயில்.

எதிர்மின் ஏற்றமுள்ள ஆர்.என்.ஏ., அதே எதிர்மின் ஏற்றமுள்ள ஃபுளோரைடை எப்படிப் பிடிக்க முடியும்? அதே ஆண்டு வெளியான அணு வடிவம் விடை தந்தது: மூன்று மக்னீசிய அயனிகள் நடுவில் நின்று இருவரையும் சேர்த்து வைக்கின்றன.

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு கணக்கு உண்டு. ஆசிரமத்துக்கு முன்னால் செல்லும் செங்கம் சாலையில் மேற்கே போனால் கிருஷ்ணகிரி மாவட்டம். அதை அடுத்துத் தர்மபுரி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் துன்பத்தை நன்கறிந்த பகுதி. அவ்விரு மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. 2012ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.யில் பாதி மடிந்துவிடத் தேவைப்பட்ட ஃபுளோரைடு சுமார் 60 மைக்ரோமோலார். ஃபுளோரினின் அணு எடை 19 என்பதால், இது லிட்டருக்குச் சுமார் 1.1 மில்லிகிராம் ஆகும்.

என்ன பொருத்தம் என்று வியக்கத் தோன்றுகிறது. ஆனால் இந்த இடத்தில்தான் வாசகர் நிதானிக்க வேண்டும். சோதனைக் குழாயில் குறிப்பிட்ட அளவு மக்னீசியத்தோடு அளந்த எண் அது. நமது தர அளவோ மனிதரின் பல்லையும் எலும்பையும் கருதி வகுத்தது. இரண்டும் அருகருகே அமைந்தது தற்செயல். ஒரு பாக்டீரியா நம் கிணற்றுக்கு வரம்பு வகுக்கவில்லை.

ஆயினும் பயன் உண்டு. 2020இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், உயிரணுவே இல்லாமல் இந்த ஆர்.என்.ஏ.யைக் கொண்டு தண்ணீரைச் சோதிக்கும் ஒரு முறையை வெளியிட்டு, கோஸ்டாரிகா நாட்டில் கிணற்று நீரிலும் பிற நீரிலும் களச் சோதனை செய்தனர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவை நிறமாற்றத்தால் கண்டறிய முடிந்தது. பாராட்ட வேண்டியதே. ஆனால் நமது மேல் வரம்பு 1.5. நம் ஊர்க் கிணற்றுக்கு அதை அப்படியே கொண்டு வர முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரே சாயல், வேறு வேலை

இன்னொரு கதை. 2004இல் வெளியான ஒரு வடிவத்துக்கு அடுத்த ஜீனை வைத்து 'ஒய்.கே.கே.சி.' என்று பெயர். அதன் அருகிலுள்ள ஜீன்களுக்குத் தகவல் தொகுப்புகளில் இருந்த விளக்கம்: ஒன்று யூரியாவை மாற்றும் நொதி, இன்னொன்று பல மருந்துகளை வெளித்தள்ளும் புரதம். இந்த விளக்கங்களைப் பின்பற்றி எத்தனையோ பொருள்களைச் சோதித்தும் ஒன்றும் ஒட்டவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2017இல் வெளியான கட்டுரை விடையைச் சொன்னது: அது குவானிடின் என்ற எளிய சேர்மத்தை உணரும் ஆர்.என்.ஏ. அந்த 'யூரியா நொதி' குவானிடினைத்தான் மாற்றுகிறது; 'மருந்தைத் தள்ளும் புரதம்' குவானிடினைத்தான் தள்ளுகிறது. ஆர்.என்.ஏ.யின் வேலையை அறிந்ததும், அதன் அண்டை வீட்டாரின் பெயர்களையும் திருத்த வேண்டியதாயிற்று.

கதை அதோடு முடியவில்லை. அதே சாயலில் இருந்த சில வடிவங்கள் குவானிடினை ஏற்கவில்லை. 2018இல் அவற்றில் ஒரு வகை, பாக்டீரியா பட்டினியில் இருக்கும்போது பெருகும் ஒரு சமிக்ஞை மூலக்கூறை உணர்கிறது என்றும், இன்னொரு வகை பியூரின் தயாரிப்பில் வரும் ஒரு முன்பொருளை உணர்கிறது என்றும் தெரிந்தது. சில எழுத்துகளே வேறு. வேலை முற்றிலும் வேறு. கணிப்பொறி 'இது அந்த வகை' என்று சொன்னால், 'வேலையும் அதுவே' என்று எழுதிவிடுபவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

காத்திருப்பின் கணக்கு

வேலை தெரிய எத்தனை காலம் ஆகும்? 184 எழுத்துகள் கொண்ட '6எஸ்' என்ற ஆர்.என்.ஏ. 1967இல் கண்டறியப்பட்டது, 1971இல் அதன் எழுத்து வரிசை தெரிந்தது. வேலை தெரிந்ததோ 2000இல். உணவு தீர்ந்து பாக்டீரியா வளர்ச்சி நிற்கும் வேளையில், ஆர்.என்.ஏ. தயாரிக்கும் நொதியையே அது பிடித்து நிறுத்தி வைக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டுகள்!

2009இல் 'ஹியரோ' என்று பெயரிட்ட ஒரு வடிவம், டி.என்.ஏ.யை வெட்டும் ஒரு புரதத்தின் ஜீனுக்கு அருகில் காணப்பட்டது. 2021இல் அதன் வேலை புரிந்தது: எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அந்தப் புரதத்துக்கு வழிகாட்டுவது. இன்று ஜீன் திருத்தத்தில் புகழ்பெற்ற காஸ்9 என்னும் நொதியின் முன்னோர் அந்தப் புரதக் குடும்பம்தான் என்பதால் இது பெரும் செய்தியாயிற்று.

அதே 2009இல் அறிவிக்கப்பட்ட 'கோல்ட்' என்ற பெரிய ஆர்.என்.ஏ.யின் நிலையோ வேறு. அதனோடு 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் வந்த 'ரூல்' என்பதையும் சேர்த்து, உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்த முடிவுகள் 2025இல் வெளிவந்தன. பல பிரதிகள் ஒன்று கூடி, நடுவில் வெற்றிடமுள்ள கூண்டு போல நிற்கின்றன. ரூலில் எட்டுப் பிரதிகள் கூடிய கூண்டு. ரைபோசோமைவிடப் பெரிய கூண்டுகள். புரதம் எதுவும் இல்லாமல் ஆர்.என்.ஏ.யாலேயே ஆனவை. ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். கூண்டு எதற்காக என்று மட்டும் தெரியவில்லை. வடிவத்தை முழுமையாக அறிந்தாலே வேலை தானாகத் தெரிந்துவிடும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எங்கே கிடைக்கும்?

பெங்களூர்க் கட்டுரை

இனி மாணவரின் கட்டுரைக்கு வருவோம். அவர் கண்ட வடிவத்தின் பெயர் வரலாறே ஒரு பாடம். அருகிலுள்ள ஜீன் கோபால்ட், துத்தநாகம், காட்மியம் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு 'சி.இசட்.சி.டி.' என அழைக்கப்பட்டது. வடிவத்துக்கும் அதே பெயர். 2015இல் வெளியான ஆய்வு, அது நிக்கலையும் கோபால்ட்டையும் உணர்கிறது என்றது; 'நிகோ' என்ற பெயர் வந்தது. 2020இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருவர் செய்த ஆய்வு, இரும்பும் அதை இயக்குகிறது, உயிரணுவில் இரும்பே உண்மையான சமிக்ஞையாக இருக்கக்கூடும் என்று வாதிட்டது.

அதே ஆண்டு அக்டோபரில், பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலிருந்து, இரும்பை உணரும் ரைபோசுவிட்ச்களைக் கண்டுபிடித்ததாக ஒரு கட்டுரை 'நேச்சர் கெமிக்கல் பயாலஜி' இதழில் வந்தது. இந்தியாவிலிருந்து இத்துறையில் வந்த பெரிய அறிவிப்பு என்று நாம் மகிழ்ந்தோம். பின்னர் வாசகர்கள் சிலர் அதிலுள்ள படங்களைப் பற்றி ஐயம் எழுப்பினர். படங்கள் திரிக்கப்பட்டிருந்தன என்று நிறுவனத்தின் விசாரணையில் தெரிந்தது. 2021ஆம் ஆண்டின் நடுவில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தனி மனிதர்களைப் பற்றிப் பேசுவது இங்கு நம் நோக்கமன்று. நடந்தது தவறு, அது கண்டறியப்பட்டது, இதழ் அதைப் பதிவு செய்தது. அவ்வளவு வரை விஞ்ஞானத்தின் காவல் முறை வேலை செய்தது.

ஆனால் என் திண்ணையில் அந்த முறை வேலை செய்யவில்லை. மாணவரிடம் இருந்தது யாரோ முன்பே இறக்கி வைத்து, கை மாறிக் கை மாறி வந்த பிரதி. அதில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை இல்லை. அவருடைய அறிக்கையைப் படித்த எவரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும், அதிலிருந்து புறப்பட்ட வரிகள் திரும்புவதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திரும்பப் பெற்ற கட்டுரையின் கருத்து தவறு என்று அதனால் நிரூபணம் ஆகிவிடாது. இரும்பைப் பற்றிய பென்சில்வேனிய ஆய்வு அதைச் சாராமல் நின்றுகொண்டிருக்கிறது. ஆதாரம் விழுந்தால் கருத்து பொய்யாகிவிடுவதில்லை, ஆதாரமற்றதாக ஆகிறது. மெய், பொய் என்ற இரண்டு பெட்டிகளில் எல்லாவற்றையும் போட்டுப் பழகிய மாணவருக்கு, 'இன்னும் தீர்ப்பாகாதது' என்ற மூன்றாவது பெட்டி இருப்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

நம் பக்கத்துக் குறைகள்

விஞ்ஞானிகளை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது முறையன்று. விஞ்ஞானத்தை எளிமையாக எழுதும் நாமும் தவறு செய்கிறோம். 'மர்மம்', 'இருட்டுலகம்' போன்ற சொற்களால் தெரியாமையை ஒரு வேடிக்கைப் பொருளாக்குகிறோம். இந்தக் கட்டுரையையே பாருங்கள். மேலே நான் சொன்ன கதைகளில் பெரும்பாலானவை நல்ல முடிவு கொண்டவை. ஃபுளோரைடு கிடைத்தது, குவானிடின் கிடைத்தது, 6எஸ் தெளிந்தது. படிப்பவர், காத்திருந்தால் எல்லாமே ஒரு நாள் விளங்கிவிடும் என்று நினைத்துக்கொள்வார். விடை கிடைத்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டியதால் வரும் மயக்கம் அது. பட்டியல்களில் உள்ள பல வடிவங்களுக்கு இன்னும் விடை இல்லை. சில வடிவங்கள் பொய்த் தோற்றங்களாகவும் இருந்துவிடலாம்.

பொய்த் தோற்றம் என்பது வெறும் அச்சமன்று. 2017இல் எலெனா ரீவாஸ், ஷான் எடி முதலியோர் ஒரு புள்ளியியல் சோதனையை வெளியிட்டனர். எழுத்துகள் சேர்ந்து மாறுவது உண்மையான ஜோடியினாலா, அல்லது இனங்கள் உறவினர்களாக இருப்பதால் மட்டுமா என்று அது பிரித்துக் காட்டும். மனித உயிரணுக்களின் புகழ்பெற்ற மூன்று நீண்ட ஆர்.என்.ஏ.க்களுக்கு வரைந்திருந்த மடிப்புகளை அதில் போட்டுப் பார்த்தபோது, அம்மடிப்புகளுக்குப் பரிணாமச் சான்று இல்லை என்று தெரிந்தது. அழகான படம் இருந்தது, சான்று இல்லை.

ஆராய்ச்சி உலகின் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். எது ஒட்டியது என்று நூறு கட்டுரைகள் வருகின்றன. எவையெல்லாம் ஒட்டவில்லை என்று வருவது அரிது. பிரேக்கர் குழுவினர் 2018இல், விடை கிடைக்காத வடிவங்களைப் பற்றியும் அவற்றின் இடர்ப்பாடுகளைப் பற்றியும் வெளிப்படையாகவே ஒரு கட்டுரை எழுதினர். அது போன்றவை பெருக வேண்டும். ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில், குறைந்த பணத்தில் பத்துப் பொருள்களைச் சோதித்து ஒன்றும் ஒட்டவில்லை என்று கண்ட மாணவரின் உழைப்பும் அறிவுதான். இன்று அது நோட்டுப் புத்தகத்தோடு மடிந்துவிடுகிறது. அடுத்த ஊர் மாணவர் அதே பத்தையும் மறுபடி சோதிக்கிறார்.

மாணவர்கள் கேட்க வேண்டியவை

இத்தகைய கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பழக வேண்டும். ஒன்று: வடிவம் உண்டு என்பதற்கு, எழுத்துகள் ஜோடியாக மாறிய சான்று இருக்கிறதா? இரண்டு: அந்தப் பொருள் ஆர்.என்.ஏ.யில் ஒட்டுவதைச் சோதனைக் குழாயில் காட்டியிருக்கிறார்களா? மூன்று: உயிருள்ள பாக்டீரியாவில், பொருள் கூடும்போதும் குறையும்போதும் ஜீனின் வேலை மாறுகிறதா, மடிப்பை உடைத்தால் அந்த மாற்றம் நின்று, சரிசெய்தால் மீள்கிறதா? நான்கு: வேறோர் ஆய்வுக்கூடம் அதையே கண்டிருக்கிறதா, கட்டுரை இன்றும் நிற்கிறதா? நான்காவது கேள்விக்கு ஐந்து நிமிடம் போதும். இதழின் சொந்தப் பக்கத்தில் கட்டுரையின் பெயரைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். கை மாறி வந்த பிரதியை நம்பக் கூடாது.

முதல் கேள்விக்கு மட்டும் 'ஆம்' என்றால், 'மாறாத வடிவம்; வேலை தெரியவில்லை' என்று எழுத வேண்டும். அப்படி எழுதுவது அறியாமையை ஒப்புக்கொள்ளும் வெட்கக் குறிப்பு அன்று. எதுவரை சோதித்தோம், எங்கே நிறுத்தினோம் என்று அடுத்தவருக்கு நட்டு வைக்கும் எல்லைக் கல். பொய்யான பெயர் எழுதிய கல், எந்தக் கல்லும் இல்லாததைவிட மோசமானது. கற்பூரமும் யூரியாவும் நமக்குக் கற்பித்தது இதுதான்.

ஒரு வாரம் கழித்து மாணவர் மறுபடி வந்தார். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு இப்படி எழுதியிருந்தார்: 'இந்த வடிவம் உலோக அயனிகளை உணரும் வகையைச் சேர்ந்ததாகத் தோன்றுகிறது. அவ்வகை நிக்கல், கோபால்ட், இரும்பு ஆகியவற்றுக்கு வினைபுரிவதாக வெவ்வேறு ஆய்வுகள் கூறுகின்றன. இரும்பைப் பற்றிய ஒரு கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. இந்த இனத்தில் எந்த உலோகம் என்பது சோதிக்கப்படவில்லை.'

"ஒரு வரி நான்கு வரியாகிவிட்டது சார். இதற்கு மார்க் குறைப்பார்களா?" என்று கேட்டார்.

குறைக்க மாட்டார்கள் என்று என்னால் உறுதி கூற முடியவில்லை. ஆனால் அந்த அறிக்கையில் நான் முழுதாக நம்பிய பகுதி அந்த நான்கு வரிகள்தான் என்று அவரிடம் சொன்னேன்.